ஆர்க்கிடெக்ட் ஆகும் முன்: அந்த ஒரு செமஸ்டரில் என்ன கற்க வேண்டும்?

ஐந்து வருட பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்து, பட்டச் சான்றிதழோடு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் விண்ணப்பித்தால் பதிவு எண் வந்துவிடும். தனியாகத் தகுதித் தேர்வு கிடையாது. பட்டத்துக்குப் பிறகு இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. 1972-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பதிவு உள்ளவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு 3,740 மணி நேர வேலை அனுபவத்தைப் பதிந்து காட்ட வேண்டும்; அது போக ஆறு பிரிவுகளில் தேர்வு. நமக்கு அந்த வடிகட்டி இல்லை. படிப்புக்குள் வரும் ஒரு செமஸ்டர் ப்ராக்டிகல் டிரெய்னிங்தான் எல்லாவற்றுக்கும் ஈடு. அதைத்தான் பலர் கம்ப்யூட்டரில் கட்டடப் படத்தை மெருகேற்றும் ரெண்டரிங் செய்தே கழித்துவிடுகிறார்கள்.

ஆபீஸ் தேடும்போது இன்ஸ்டாகிராம் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். யாரிடம் சேரப் போகிறீர்களோ அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். சி.ஏ. என்று தொடங்கி, வருடமும் வரிசை எண்ணும் இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவைப் புதுப்பிக்காதவரிடமோ, பதிவே இல்லாத இன்டீரியர் கடையிலோ வாங்கிய சான்றிதழைக் கல்லூரி ஏற்க மறுத்தால் ஒரு செமஸ்டர் போச்சு. அடுத்து, நடக்கிற சைட் எத்தனை, எது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒன்று அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் நிலையில், ஒன்று தளம் போடும் நிலையில், ஒன்று பூச்சு வேலையில் என்று இருந்தால் நான்கு மாதத்தில் ஒரு வீடு எழும்பும் கதை முழுக்கப் புரிந்துவிடும். பெங்களூரில் பெரிய ஆபீஸுக்குப் போய் டாய்லெட் டீட்டெயில் மட்டும் வரைந்து திரும்புவதற்கு, இங்கே மதுரை கே.கே. நகரில் ஐந்து பேர் உள்ள ஆபீஸ் எவ்வளவோ மேல். பயிற்சி தர உங்களிடமே பணம் கேட்கிற இடத்தை அண்டவே வேண்டாம்.

சைட்டில் ஒரே ஒரு நாள்தான் நிற்க முடியும் என்றால், கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுங்கள். கையில் டிராயிங், டேப். தளக் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் 20 மி.மீ. கவர் பிளாக் அடியில் இருக்கிறதா, கம்பி இடைவெளி டிராயிங்கில் உள்ளபடிதானா, சென்ட்ரிங் பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகாமல் அடைத்திருக்கிறார்களா, பாத்ரூம் தளம் இறக்கியிருக்கிறதா, ஃபேன் பாக்ஸும் பைப்பும் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சன்ஷேடு, பால்கனி பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து நடக்க நடக்க அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். நாற்காலி போல வளைத்த சேர் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டாமல் கான்கிரீட் போட்டால், முட்டுப் பிரித்த அன்றே விரிசல் விடும், இல்லையென்றால் பால்கனி இறங்கியே விடும். மறுநாள் கலவைக்கு ஊற்றும் தண்ணீர் மேல் ஒரு கண் இருக்கட்டும்: 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 25 முதல் 27 லிட்டர். கலவை இறுகுகிறது என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றினால் வேலை சுலபமாகும், பலம் குறையும். இதைக் கொத்தனாரிடம் அதட்டிச் சொல்லாமல், “அண்ணே, கொஞ்சம் அளந்து ஊத்தச் சொல்லுங்கண்ணே” என்று சொல்லத் தெரிந்திருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் பழைய வீடு ஒன்றை அளந்து வரைய வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். அறையின் நான்கு பக்க அளவு போதாது. இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள், பழைய அறை எதுவும் சரியான சதுரமாக இருக்காது. சன்னலுக்கு சன்னல் தனித்தனியாக அளந்து கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டே போகும். டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அங்கிருந்தே தொடர் அளவாக எழுதுங்கள்.

விதிகளையும் இங்கேயே படித்துவிடலாம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. விமான நிலையம் இருக்கும் தெற்குப் பக்கம் உயரத்துக்கு வேறு கணக்கு. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்று முறையில் (பிளான் விதிப்படிதான் என்று விண்ணப்பிப்பவரே உறுதி தருவது) 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. அதிகாரி திருத்துவார் என்று தப்பான பிளானை அனுப்பும் பழக்கம் இனி செல்லாது.

ஆர்க்கிடெக்ட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வந்த பையன் வரைந்ததை நீங்களே திருத்தி பிரிண்ட் போட்டுவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஏறாது. சிவப்புப் பேனாவால் குறித்து, காரணம் சொல்லி, அவனையே மறுபடி வரைய விடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும். அவனுடைய பயிற்சிப் பதிவேட்டை வாராவாரம் பார்த்துக் கையெழுத்திடுங்கள்; கடைசி நாளில் மொத்தமாகப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். எஸ்டிமேட், கான்ட்ராக்டர் பில், கிளையன்ட் மீட்டிங் மூன்றிலும் அவனை ஒரு ஓரமாகவாவது உட்கார வையுங்கள். பில்லில் ஒரே சுவரை இரண்டு முறை அளந்திருப்பதை ஒரு தடவை கண்டுபிடித்தவன் அப்புறம் எந்த பில்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டான்.

பதிவு எண் வந்த பிறகு ஒரு ஆபத்து உண்டு. பிளானுக்கு இவ்வளவு என்று பேசி, கையெழுத்து மட்டும் கேட்டு ஆள் வரும். பார்க்காத மனைக்கு, வரையாத டிராயிங்குக்குக் கையெழுத்துப் போட்டால் பின்னால் வரும் வழக்கில் உங்கள் பெயர்தான் இருக்கும். 1989-இன் நடத்தை விதிகளின்படி கவுன்சில் நடவடிக்கை எடுக்கவும் இடம் உண்டு. பழைய சீனியரின் போன் நம்பரைப் பத்திரமாக வைத்திருங்கள். முதல் இரண்டு மூன்று வேலைகளின் டிராயிங்கை வெளியே அனுப்புமுன் அவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.