‘பின்னிதழ்’ என்றால் பழைய இதழா?

நாளிதழ்களோடு வார இறுதியில் வரும் இணைப்பிதழ்களைத் தொகுத்துப் பட்டியலிடும் இடங்களில் ‘பின்னிதழின் உள்ளடக்கம்’ என்னும் தலைப்பு அண்மைக் காலமாக அடிக்கடி கண்ணில் படுகிறது. அதன் கீழே ஒரு நேர்காணல், ஒரு சிறுகதை, நூல் மதிப்புரை, குறுக்கெழுத்துப் புதிர் என வரிசையாகத் தந்திருப்பார்கள். தமிழ் மட்டுமே அறிந்தவர் இத்தலைப்பைப் படித்தால், இவையெல்லாம் இனி வரப்போகும் இதழில் இடம்பெறுபவை என்றே கொள்வார். உண்மையில் அவை என்றோ வெளிவந்து முடிந்தவை.

முன்பே வெளிவந்த இதழைக் குறிக்கும் ‘பேக் இஷ்யூ’ (back issue) என்னும் ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு இது. ‘இஷ்யூ’ வெளியேறுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். அச்சில் ஒருமுறை வெளியிடப்படுவது என்பது அதன் பொருள். இதில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் ‘பேக்’ என்பதைப் ‘பின்’ என்று பெயர்த்ததில் இருக்கிறது.

ஆங்கிலம் கடந்த காலத்தை முதுகுப் பக்கம் வைத்துப் பேசும். தமிழில் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து காலம் காட்டும்போது ‘முன்’ முற்பட்டதையும் ‘பின்’ பிற்பட்டதையுமே குறிக்கின்றன. முன்னோர் நமக்கு மூத்தவர்கள். முன்பனி கழிந்தே பின்பனி வரும். பின்னிரவு இரவின் பிற்பகுதி; பிற்காலச் சோழர் சங்ககாலச் சோழருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து ஆண்டவர்கள். ஊதிய உயர்வைக் கடந்த மாதங்களுக்கும் சேர்த்து வழங்கும்போது ‘முன்தேதியிட்டு’ என்றும், வரும் நாளைக் குறித்துக் கொடுக்கும் காசோலையைப் ‘பின்தேதியிட்டது’ என்றும் எழுதுகிறோம். இத்தனையும் ஒரே திசையைக் காட்டும்போது, ‘பின்னிதழ்’ மட்டும் எப்படிப் பழையதைக் குறிக்கும்?

‘பின்னோக்கிப் பார்த்தல்’ என்கிறோமே, அங்கே ‘பின்’ கடந்த காலத்தைத்தானே சுட்டுகிறது என்று இச்சொல்லை ஆதரிப்பவர்கள் கேட்கலாம். அங்கே ‘பின்’ பார்வையின் திசையைக் குறிக்கிறது. நாம் முன்னே நடப்பதாகக் கொண்டு திரும்பிப் பார்க்கிறோம். நோக்குதல், செல்லுதல் போன்ற வினைகளோடு வரும் அந்தப் பொருளைப் பெயரோடு வரும் ‘பின்’னுக்கு ஏற்ற முடியாது. பின்னிரவை யாரும் கழிந்துபோன இரவு என்று கொள்வதில்லை.

சுருக்கமான ஒற்றைச்சொல் வேண்டும் என்பதும் ஏற்கத்தக்க வாதமன்று. ஆங்கிலத் தொடரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் சேர்த்தால் கலைச்சொல் பிறந்துவிடும் என்ற எண்ணம் இன்று மொழிபெயர்ப்பாளர்களிடம் மிகுந்துவிட்டது. தமிழ் வேர்களாலேயே அமைந்திருந்தாலும், தவறான பொருள் தரும் சொல் நல்ல தமிழ் ஆகாது. அதைவிட ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதுவது வாசகருக்குக் குறைந்த தீங்கு செய்யும்.

‘முன்னிதழ்’ இலக்கணப்படி சரியே. எனினும் முன்னோட்டமாக வெளியிடும் இதழ் என்ற மயக்கம் அதில் உண்டு. ‘பழைய இதழ்’ எளிய சொல்; ஆனால் போன வாரம் வந்ததைப் பழையது என்பது பொருந்தவில்லை. ‘கடந்த இதழ்’ சற்றுமுன் வந்த ஒன்றை மட்டுமே குறிக்கும். ஆகவே பொதுவாகச் சொல்லும்போது ‘முந்தைய இதழ்கள்’ என்பதே தக்கது. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போது அதன் தேதியை எழுதிவிட்டால் போதும். நாளிதழோடு வரும் இணைப்பிதழுக்கு அந்த நாளைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

தலைப்பின் மறுபாதிக்கும் இதே கவனம் வேண்டும். ‘உள்ளடக்கம்’ என்பது ஒன்றனுள் அடங்கியிருப்பது எதையும் குறிக்கும் பொதுச்சொல். பக்க எண்ணோடு தலைப்புகளைத் தரும் பட்டியலுக்குப் ‘பொருளடக்கம்’ என்ற சொல் நூல்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ‘முந்தைய இதழின் பொருளடக்கம்’ என்றே அத்தலைப்பை எழுதலாம்.