ஃபிரிட்ஜ்ல நாத்தம் போகலையா? ஒரு தடவை பின்பக்கம் பாருங்க

சர்வீஸுக்குக் கூப்பிடுறவங்க கூலிங் வரலங்கிறதுக்கு அடுத்தபடியா அதிகமா சொல்றது, "அண்ணே, ஃபிரிட்ஜத் தொறந்தாலே கொமட்டுது, எல்லாத்தையும் தொடச்சாச்சு, எலுமிச்சம்பழம் வெட்டி வச்சாச்சு, காபித்தூளும் வச்சாச்சு, போக மாட்டேங்குது"ங்கிறதுதான். போய்ப் பாத்தா உள்ள தட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். நாத்தம் இருக்குற இடம் வேற, அவங்க தொடச்ச இடம் வேற.

உள்ள பின் சுவத்துல, காய்கறி டிரேக்குக் கொஞ்சம் மேல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். சுவத்துல வழியுற தண்ணி அது வழியா எறங்கி, பின்னாடி கம்ப்ரஸர் மேல இருக்குற ஒரு பிளாஸ்டிக் டிரேல போய் நிக்கும், அங்க கம்ப்ரஸர் சூட்டுல அதுவா ஆவியாகிடும். பொங்கி வழிஞ்ச இட்லி மாவு, ஓட்டை விழுந்த பால் பாக்கெட், மீன் கவர்ல இருந்து ஒழுகுன தண்ணி எல்லாத்துக்கும் அதே வழிதான். தண்ணி ஆவியாகும், மாவும் பாலும் ஆவியாகுமா? அந்த டிரேல பழுப்பு கலர்ல கொழகொழன்னு ஒரு படலம் கட்டி, அதுல கரப்பான் செத்துக் கெடக்கும், வருஷக்கணக்கா. வெதுவெதுப்பான சூட்டுல அது நொதிச்சுக்கிட்டே இருக்கும். ஃபிரிட்ஜ் வாங்குன நாள்லருந்து அங்க அப்படி ஒரு டிரே இருக்குன்னே தெரியாத வீடுதான் அதிகம், அவங்களக் குத்தம் சொல்லவும் முடியாது, டெலிவரி பண்ண வர்றவங்க யாரும் காட்டுறதில்ல.

பிளக்கப் புடுங்கிட்டு கம்ப்ரஸர் ஆறுற வரைக்கும் விட்டுட்டு பாருங்க. டிரே கழண்டு வந்தா கழுவுங்க, ஸ்குரூ போட்டிருந்தா துணியால ஒத்தி எடுங்க. ஓட்டைய சுத்தம் பண்ண ஊசி இல்லாத சிரிஞ்ச்ல ஆப்ப சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணிய மெதுவா ஏத்தி விட்டா போதும், கம்பி விட்டுக் குத்தாதீங்க. சில டபுள் டோர் மாடல்ல ஓட்டை வெளிய தெரியாது, அதுக்காக பேனலக் கழட்ட வேணாம், மெக்கானிக்கக் கூப்பிடுங்க.

அடுத்தது டோர் ரப்பர். மடிப்ப விரிச்சுப் பாத்தா கருப்பா பூஞ்சை இருக்கும், பழைய டூத் பிரஷ் வச்சுத் தேச்சு எடுங்க. கதவுல ஒரு பேப்பர வச்சு மூடி இழுத்துப் பாருங்க, ஈஸியா வந்துச்சுன்னா ரப்பர் பிடிக்கல, வெளிக்காத்து உள்ள போய் ஈரம் கட்டுது, எத்தன தடவ தொடச்சாலும் பூஞ்சை திரும்ப வரும், ரப்பர மாத்துறதுதான் வழி.

எல்லா நாத்தத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. புளிச்ச மாவு, கெட்ட பாலெல்லாம் அமிலம், அதுக்கு ஆப்ப சோடா, ஒரு லிட்டர் வெந்நீருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன். மீன் கவிச்சி அதுக்கு நேர் எதிர், அது காரத்தன்மை உள்ளது, சோடா போட்டா அசையாது, வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த தண்ணியாலதான் தொடைக்கணும். மீன் கழுவுன கைக்கு எலுமிச்சை தேய்க்கிறோமே, அதேதான். ஜில்லுன்னு இருக்குற கண்ணாடித் தட்டு மேல சுடுதண்ணி ஊத்தினா வெடிச்சிடும், வெளிய எடுத்து ஆறவிட்டுக் கழுவுங்க.

இத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியோட வினிகரோ டாய்லெட் ஆசிட்டோ சேந்தா குளோரின் வாயு வரும், சமையல்கட்டுல ஜன்னல மூடிட்டு இத செஞ்சா மூச்சு திணறிடும். ஃப்ரீஸர் ஐஸ கத்தியால குத்தாதீங்க, உள்ள கேஸ் ஓடுற குழாய் ஓட்டையாகிடும், இப்ப வர்ற நெறைய ஃபிரிட்ஜ்ல கூலிங்குக்கு ஆர்600ஏங்கிற கேஸ்தான், அது தீப்புடிக்கும், லீக் ஆனா வாசனையும் தெரியாது. கருகுற வாடை வந்துச்சுன்னா அது சாப்பாட்டு நாத்தமே இல்ல, கம்ப்ரஸர ஸ்டார்ட் பண்ற ரிலேயோ வயரோ சூடாகுது, உடனே பிளக்க எடுத்துருங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ சென்னையில பல ஏரியால நாள்கணக்குல கரண்ட் இல்ல. அந்த மாதிரி நேரத்துல கறியும் மீனும் அழுகி, அந்தத் தண்ணி சுவத்து இடுக்கு வழியா உள்ள இருக்குற ஃபோம் வரைக்கும் எறங்கிட்டா எந்த சோடாவுக்கும் அசையாது, ஃபிரிட்ஜே போச்சு. கரண்ட் போனா கதவத் தொறக்காம வச்சா நாலு மணி நேரம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா பால், கறி, சமைச்சது எதையும் மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, கெட்ட வாடையே இல்லாம நோய்க்கிருமி இருக்கும். வீசிடுங்க, குழந்தைங்க இருக்குற வீட்ல கண்டிப்பா.

ஊருக்குப் போறப்ப ஆஃப் பண்ணிட்டு கதவ மூடிட்டுப் போறதும் தப்பு, திரும்பி வந்து பாத்தா உள்ள பூரா பூஞ்சை. காலி பண்ணி, ஈரமில்லாம தொடச்சு, கதவுல ஒரு துண்டச் சுருட்டி வச்சு இடைவெளி விட்டுட்டுப் போங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் மூணு மணி நேரமாச்சும் கதவ விரியத் தொறந்து போட்டு காயவிடுங்க, சின்னப் பிள்ளைங்க கிட்ட வராம ஒரு ஆள் இருக்கணும். அப்புறம் ஒரு அகலத் தட்டுல ஆப்ப சோடாவப் பரப்பி நடுத்தட்டுல வைங்க, ஒடைச்ச கரித்துண்ட ஒரு துணியில கட்டி கீழ் டிரே பக்கம் வைங்க. மாசம் ஒரு தடவ ரெண்டையும் மாத்துங்க, அன்னைக்கே பின்னாடி டிரேயையும் ஒரு பார்வை பாத்துருங்க.