வெள்ளத்தில் வீடு இடிந்ததா? சேற்றை வாருவதற்கு முன் இதைப் படியுங்கள்

தண்ணீர் வடிந்த மறுநாளே அந்த அம்மா வீட்டைச் சுத்தம் செய்துவிட்டார். விழுந்த பின்சுவரின் மண்ணை வாரித் தெருவோரம் கொட்டி, சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி, தரையைக் கழுவி வைத்திருந்தார். ஐந்தாம் நாள் கணக்கெடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றபடியே பார்த்து, 'பகுதி சேதம்' என்று எழுதிக்கொண்டார்கள். "பின்னாடி வந்து பாருங்கய்யா" என்று அவர் கூப்பிட்டார். இன்னும் நாற்பது வீடு பாக்கி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வார்த்தையால் ஒரு குடும்பம் இழப்பது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். எப்படி என்று பாருங்கள். 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறைப்படி, முழுதாகச் சேதமான வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. பகுதி சேதம் என்றால் கல்வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000. அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். இந்த நிதியில் 75 சதவீதம் ஒன்றிய அரசின் பணம், 25 சதவீதம் மாநிலத்தின் பணம். உயிர்ச்சேதத்துக்கும் வீட்டுச் சேதத்துக்கும் உதவ வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே வருகிறது. பின்னணி இவ்வளவு போதும்.

இடிந்த வீட்டை அரசு கட்டித்தர வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த நிதி உடனடி நிவாரணத்துக்கென்று வைத்தது. வீட்டின் முழு மதிப்பையும் ஈடுசெய்ய அல்ல. அதனால்தான் உங்களுக்குச் சேர வேண்டிய இந்தக் கொஞ்சமும் கைநழுவக் கூடாது என்கிறேன்.

முதலில் போட்டோ. எதையும் வாருவதற்கு முன், வீட்டை நான்கு பக்கமும் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, விழுந்த சுவர், கூரை, உள்ளே நனைந்த சாமான் எல்லாம் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் ஒருவர் படத்தில் நிற்கட்டும். கிராம நிர்வாக அலுவலர் வரும் அன்று யாராவது வீட்டில் இருங்கள். அவர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'முழு', 'பகுதி' இரண்டில் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, 'குடிசை' என்ற சொல். குடிசை என்று பதிந்துவிட்டால், மொத்தமாகத் தரைமட்டமானாலும் விதிமுறைத் தொகை 8,000 தான். 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது தமிழ்நாடு அரசு 10,000 அறிவித்தது. மண்சுவர் வைத்து ஓடு போட்ட வீடு குடிசை அல்ல. அதைக் குடிசை என்று எழுதினால் அங்கேயே, அப்போதே மறுத்துச் சொல்லுங்கள். பட்டியல் தாலுகா அலுவலகத்துக்குப் போன பிறகு ஒரு சொல்லை மாற்ற நீங்கள் பல நாள் அலைய வேண்டிவரும்.

பட்டா இல்லையா, ஒன்றும் கிடைக்காது போ என்று வாயால் சொல்லியே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அனுமதி பெற்ற கட்டுமானம் என்று தகுதியான அதிகாரி சான்று தர வேண்டும் என்பதுதான் விதிமுறையில் உள்ள நிபந்தனை. வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது இரண்டையும் இணைத்து மனு கொடுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறம், துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று தனியாக உண்டு. வெள்ளம் வீட்டை அடித்துக்கொண்டு போயிருந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் சூழ்ந்து நின்றிருந்தாலோ இது பொருந்தும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே வாடகைக்கு இருப்பவர்களும் கேளுங்கள்.

ரேஷன் கடையில்தான் பணம் வாங்கிவிட்டீர்களே என்று ஒரு பதில் வரும். 2023 மிக்ஜாம் புயலுக்கு 6,000, ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000 என்று குடும்ப அட்டைக்குக் கொடுத்தது வேறு, வீட்டுச் சேதத்துக்கான பணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தால் விடாதீர்கள்.

உயிர் போன வீட்டில் இதைச் சொல்லவே மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிடாதீர்கள். 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு, மரணத்தின் காரணத்தை அதிகாரி சான்றளிக்க வேண்டும். மிக்ஜாமின்போது மாநில அரசு அதை 5 லட்சமாக்கியது. காவல் நிலையத்தில் புகார் பதியாமல், பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் போனால், சுவர் விழுந்துதான் செத்தார் என்று ஊரே சொன்னாலும் கோப்பு நகராது. மாடு, ஆடு செத்தாலும் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000.

சரி, பட்டியலில் தவறாக ஏறிவிட்டது, அல்லது பெயரே இல்லை. வாய்ப்பேச்சில் நாளைக் கடத்தாதீர்கள். தாசில்தாருக்கு மனு எழுதி, போட்டோவை ஒட்டி, மறு ஆய்வு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து எண் வாங்குங்கள். கூடவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் தெருவின் கணக்கெடுப்புப் பட்டியல் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அந்த அம்மாவிடம் போட்டோ இல்லை. எதிர்வீட்டுப் பையன் வெள்ளத்தன்று காலையில் மாடியிலிருந்து எடுத்த ஒரு படத்தில், ஓரமாக, அவர் வீட்டின் பின்சுவர் விழுந்து கிடப்பது தெரிந்தது. அதைப் பெரிதாக்கி மனுவில் ஒட்டினோம். மூன்று வாரம் கழித்து வருவாய் ஆய்வாளர் வந்தார். இந்தத் தடவை தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.