மலை டூக்கானின் அலகு

ஈக்வடாரின் வடமேற்கே, ஆண்டிஸ் மலைத்தொடரின் பசிபிக் பக்கச் சரிவில் மிண்டோ என்ற ஊருக்கு மேலே ஏறினால் மேகக்காடு தொடங்கிவிடும். எந்நேரமும் ஈரம், கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும். தகட்டலகு மலை டூக்கான் என்ற பறவையை இந்தச் சரிவிலும் எல்லைக்கு அப்பால் தென்மேற்குக் கொலம்பியாவிலும் மட்டுமே பார்க்கலாம். சாம்பல் நீல வயிறு, கறுப்புத் தலை, விலாவில் மஞ்சள் திட்டு, வாலடியில் சிவப்பு. கறுத்த மேலலகின் இரு பக்கமும் தந்த நிறத்தில் ஒரு தகடு தனியாகப் புடைத்திருக்கும். நம் இருவாச்சிக்கு இது சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். டூக்கானின் உறவுக்காரர்கள் குக்குறுவானும் மரங்கொத்தியும்தான்.

பார்க்கத்தான் அலகு பாரமாகத் தெரியும். உள்ளே மெல்லிய எலும்பு இழைகளும் சவ்வுகளும் பின்னிய அறைகள், நிறையக் காற்று. வெளியே நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் உறை. அந்த உறைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வலைபோட்டு ஓடுகின்றன. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பறவைகளுக்கு வியர்க்காது, உடம்பெல்லாம் இறகு வேறு. அப்படியானால் சூடு எப்படி வெளியேறும்? 2009-இல் உயிரியலாளர் கிளென் டாட்டர்சால் குழுவினர் தாழ்நிலத்து டோகோ டூக்கானை அகச்சிவப்புக் கேமராவில் படம்பிடித்தார்கள். வெயில் ஏறினால் அலகின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்தம் பாய்ந்து அலகு சூடாகி, அந்தச் சூடு காற்றில் போய்விடுகிறது. குளிர்ந்தால் குழாய்கள் சுருங்கி அலகும் ஆறிவிடுகிறது. வேண்டும்போது திறந்து மூடும் ரேடியேட்டர்!

சரி, மலையில்? தகட்டலகு டூக்கான் பெரும்பாலும் 1,600 முதல் 2,600 மீட்டர் உயரத்தில் வாழ்கிறது. அங்கே ராத்திரிக் குளிரில் சூட்டை இழப்பதுதான் ஆபத்து. டோகோவின் அலகு 20 செ.மீ. வரை நீளும், இதற்கு ஏறக்குறைய அதில் பாதிதான். குளிர்ந்த இடத்துப் பறவைகளுக்கு அலகு சிறுத்திருப்பது பல இனங்களில் தெரியும் போக்கு. தூங்கும் விதமும் உதவுகிறது. டூக்கான்கள் தலையைத் திருப்பி அலகை முதுகு இறகுக்குள் புதைத்துக்கொள்ளும். அப்புறம் வாலை மேலே மடக்கித் தலைமேல் போர்த்திக்கொள்ளும். வால் எலும்பின் கடைசி மூன்று கணுக்கள் ஒன்றாக இணைந்து, பந்துக்கிண்ண மூட்டில் சுழல்வதால்தான் இப்படி மடக்க முடிகிறது.

இவ்வளவு லேசான அலகால் உறுதியான மரத்தைக் கொத்திப் பொந்து செய்வது நடக்காது. பட்டுப்போய் உளுத்த மரமோ, வேறு பறவை விட்டுப்போன பொந்தோ வேண்டும். அதுவும் கிடைக்காதபோது, அதே காட்டில் வாழும் டூக்கான் குக்குறுவான் என்ற வேறொரு பறவை பாடுபட்டுக் குடைந்த கூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். காடு அழிந்து பட்டமரங்களும் குறையும் இடத்தில், இந்தச் சண்டையில் இரண்டுக்கும் நஷ்டம்தான். தகட்டலகு டூக்கான் இப்போது அச்சுறு நிலையை அண்மித்த இனங்களின் பட்டியலில் இருக்கிறது.