ஓரிடத்தான்: ஒரு கட்டம், பல அணுக்கள்

தனிம வரிசை அட்டவணையில் குளோரினின் கட்டத்தைப் பாருங்கள். அணு எண் 17. அணு நிறை 35.45. முதல் எண் முழுதாக இருக்கும்போது இரண்டாவது மட்டும் ஏன் புள்ளி வைத்து நிற்கிறது? ஐசோடோப்பு என்ற சொல்லைப் பிரித்தாலே இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சொல் பிறந்தது 1913இல். கதிரியக்கத்தை ஆராய்ந்தவர்கள் அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட புதுப் பொருள்களைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஈயம் முதல் யுரேனியம் வரை அட்டவணையில் இருப்பதே பதினொரு இடங்கள்தான். அத்தனையையும் எங்கே உட்கார வைப்பது? கிளாஸ்கோவில் இருந்த வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ரேடியத்தையும், தோரியம் சிதையும்போது உண்டாகும் மீசோதோரியத்தையும் கலந்துவிட்டால் எந்த வேதிமுறையாலும் பிரிக்க முடியவில்லை. அப்படியானால் இரண்டும் ஒரே இடத்துக்கு உரியவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். மாமனார் வீட்டு விருந்தில் இதை அவர் விளக்கியபோது, மருத்துவரும் எழுத்தாளருமான மார்கரெட் டாட் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தார். ஐசோஸ் என்றால் சமம், டோபோஸ் என்றால் இடம்.

இலங்கைப் பாடநூல்களில் இது சமதானி. சமம், தானம் என்று கிரேக்கத்தை அப்படியே ஒற்றி எடுத்த சொல். தானம் இங்கே இடம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஐசோடோப்பு என்றே எழுதுகின்றன. எனக்குப் பிடித்தது ஓரிடத்தான். சாடி சொல்ல வந்தது சமமான இடங்களைப் பற்றி இல்லையே, ஒரே இடத்தைப் பற்றித்தானே! அந்த ‘ஓர்’ விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிடுகிறது.

சரி, குளோரினுக்கு வருவோம். அதன் எல்லா அணுக்களிலும் புரோட்டான் 17. நியூட்ரான் மட்டும் சிலவற்றில் 18, சிலவற்றில் 20. புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் 35 அல்லது 37. எனவே குளோரின்-35, குளோரின்-37 என்று இரண்டு ஓரிடத்தான்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதும் மாணவர்கள் நிறைய. அது தவறு, ஏனென்றால் இரண்டும் சம அளவில் இல்லை. சமையலறை உப்பை ஒரு சிட்டிகை எடுத்தால், அதிலுள்ள குளோரின் அணுக்களில் ஏறத்தாழ நாலில் மூன்று 35தான். மூன்று 35, ஒரு 37 எல்லாம் கூட்டினால் 142. நாலால் வகுத்தால் 35.5. மனக்கணக்கிலேயே பக்கத்தில் வந்துவிட்டோம்.

துல்லியமாகப் போட வேண்டுமானால், ஒவ்வொன்றின் நிறையையும் அது இருக்கும் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும்:

34.969 × 0.7577 = 26.496
36.966 × 0.2423 = 8.957
மொத்தம் 35.453

இதைத்தான் சராசரி அணு நிறை என்கிறோம். 35.45 நிறையுள்ள குளோரின் அணு உலகில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த எண் அந்தக் கட்டத்தில் குடியிருப்பவர்களின் கூட்டுக் கணக்கு.

பங்கு மாறினால் சராசரியும் மாறும். சாதாரண ஈயத்தின் அணு நிறை 207.2. தோரியம் சிதைந்து முடிவில் ஈயம்-208 ஆகிறது. ஆகவே தோரியக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயம் கனமாக இருக்க வேண்டும் என்று சாடி எதிர்பார்த்தார். இலங்கையிலிருந்து கிடைத்த தோரைட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்து அளந்து பார்த்தார். கனமாகவே இருந்தது.