கேளையாடு இருக்க ‘குரைக்கும் மான்’ எதற்கு?

காட்டுயிர்ச் செய்தி எதைப் புரட்டினாலும் ஆங்கில ‘barking deer’ அப்படியே ‘குரைக்கும் மான்’ ஆகி வந்து நிற்கிறது. அந்தச் சிறிய மானுக்குத் தமிழில் கேளையாடு என்று பெயர். மலையாளத்தில் கேழமான், அங்கே ‘கேழுக’ என்றால் அழுவது. இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு உள்ள இன்னொரு பெயரான முண்ட்ஜாக், இந்தோனேசியாவின் சுண்டா மொழிச் சொல், டச்சுக்காரர் வழியாக ஐரோப்பா போனது.

‘குரைக்கும் மான்’ பெயரே அல்ல, வருணனை. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘குரைக்கும் மான் குரைக்காமல் நின்றது.’ ‘குரைக்கும் மான் குட்டி’ என்றால் குரைப்பது தாயா, குட்டியா? சீனாவில் வாழும் இனத்தை ‘ரீவ்ஸின் குரைக்கும் மான்’ என்றால் ரீவ்ஸ் என்பவர் வீட்டில் வளர்த்தது போல இருக்கிறது! கேளையாட்டுக் குட்டி, சிவப்புக் கேளையாடு, ரீவ்ஸ் கேளையாடு என்று எழுதினால் எந்தச் சிக்கலும் இல்லை. வினைத்தொகையாகக் ‘குரைமான்’ என்றிருந்தாலாவது சொல்லாகியிருக்கும். ஆபத்தை உணர்ந்தால் இது விட்டுவிட்டு நெடுநேரம் குரைக்கும், உண்மைதான். ஐரோப்பாவின் ரோ மானும்தான் குரைக்கிறது.

‘மானை ஆடு என்பது அறிவியலுக்கு ஒவ்வாது’ என்பார்கள். நீர்யானை என்ன யானையா? கன்னடத்திலும் இது காடுகுரி, காட்டுச் செம்மறி. இப்படித் திருத்துகிறவர்கள் சருகுமானை மட்டும் தொடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. அது டிராகுலிடே குடும்பம், கொம்பே முளைக்காது, மானே அல்ல. ‘ஆடு’ என்று பெயர் வாங்கிய கேளையாடோ செர்விடே குடும்பத்து அசல் மான். மயிர் போர்த்திய நீண்ட எலும்புத் தண்டின் மேல் குட்டைக் கொம்பு. அது விழுந்து மீண்டும் முளைக்கும். தண்டுகளின் அடி நெற்றியில் இரண்டு வரம்புகளாக இறங்கும். பெண்ணுக்கு அந்த இடத்தில் மயிர்க்கொத்துதான்.

கேளையாட்டின் வாயோரம் துருத்தும் பல்லை, ஆங்கிலத்தில் ‘tusk’ என்று இருப்பதைப் பார்த்துத் ‘தந்தம்’ என்று எழுதுவது அடுத்த வம்பு. யானைத் தந்தம் மேல்தாடை வெட்டுப்பல். இது மேல்தாடைக் கோரைப்பல். ஆணுக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. இருக்கும், பெண்ணுக்குச் சிறிது. ஆண்கள் மோதும்போது கொம்பால் தள்ளி எதிரியை நிலைகுலைய வைத்து, பிறகு இந்தப் பல்லால் கிழிக்கும். துரத்தி வரும் நாய்க்கும் இதே வெட்டுதான். கோரைப்பல் என்று எழுத என்ன தடை? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் மொழிபெயர்ப்பு ஆகிவிடுமா?