ஈ அன்று, பொய்ப்பூச்சி

பழனி மலையில் ஒரு தங்கும் விடுதி தன் விருந்தினர்களுக்காக அச்சிட்டிருந்த மடிப்புத் தாளில், படகு சவாரிக்கும் காப்பித் தோட்டச் சுற்றுலாவுக்கும் நடுவில், ‘ஈ மீன்பிடித்தல்’ என்று ஒரு பொழுதுபோக்கு குறிக்கப்பட்டிருந்தது. ஃபிளை ஃபிஷிங் என்பதற்கு இந்தத் தமிழாக்கத்தை நான் இவ்வாண்டில் பார்ப்பது இது நான்காவது முறை. அங்கே தோட்ட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “ஈயப் புடிச்சு முள்ளுல குத்திப் போடுவாங்களாண்ணே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. சிறுவயது முதல் குளத்தில் மண்புழு கோத்து மீன் பிடித்தவர், ஈ என்று எழுதியிருந்தால் ஈயைத்தான் இரை என்று கொள்வார். அவரை அப்படி எண்ண வைத்த சொல்லில்தான் பிழை இருக்கிறது.

முதலில் பொருள். நம் ஊர்த் தூண்டிலில் தங்கூசி நரம்பின் முனையில் முள்ளும், சற்று மேலே ஈயக்குண்டும், அதற்கும் மேலே தக்கையும் இருக்கும். எறியும்போது குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இந்த முறை தலைகீழாகிறது. முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிக் கட்டிய, வாயால் ஊதினால் நகர்ந்துவிடும் அளவுக்கு லேசான ஒரு முள்; அதற்கு எதையும் இழுத்துச் செல்லும் கனம் இல்லை. ஆகவே கனம் நூலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது நூல் காற்றில் வளையமாக விரிந்து போய், கடைசியில் முள்ளை நீரின் மேல் மெல்ல இறக்கி வைக்கிறது. நூலுக்கு எண் கொடுப்பதும் இந்தக் கனத்தை வைத்துத்தான்: முதல் 30 அடியின் எடை 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம் என்றால் அது மூன்றாம் எண் நூல். 120 கிரெயின் என்றால் நான்காம் எண். உள்ளங்கை அகலக் குளத்து மீனுக்கு இந்த இரண்டு எண்களும் தாராளம்.

ஆங்கிலத்தில் ஃபிளை என்ற பெயர்ச்சொல் பறத்தல் என்ற வினையோடு உறவுடையது. பழைய வழக்கில் சிறகு முளைத்த பூச்சி எதையும் குறித்தது. வீட்டு ஈ என்ற குறுகிய பொருள் அதற்குள் அடங்கிய ஒன்று மட்டுமே. தூண்டில்காரர்கள் எடுத்துக்கொண்டது அந்த விரிந்த பொருளை. வேர் பற்றி இவ்வளவு போதும்.

இனி என் வழக்கு. பட்டர்ஃபிளை என்பதை நாம் பட்டாம்பூச்சி என்கிறோம், டிராகன்ஃபிளை தட்டாம்பூச்சி, ஃபயர்ஃபிளை மின்மினிப்பூச்சி. ஆங்கிலச் சொல்லின் பின்பாதியில் ஃபிளை நிற்கும் இம்மூன்று இடங்களிலும் தமிழ்ச் சொல்லின் பின்பாதியில் பூச்சி நிற்கிறது. இந்தப் பெயர்களை எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்கித் தரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன மக்கள் வாயில் இவை தாமே அமைந்தன. ஆங்கிலத்தில் ஃபிளை செய்யும் வேலையைத் தமிழில் பூச்சி செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? பட்டாம்பூச்சியை ‘வெண்ணெய் ஈ’ என்று எழுதினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் திருத்திவிடும். அதே பிழையை மீன்பிடிப்பில் செய்தால் அச்சேறிவிடுகிறது.

ஈ என்ற சொல்லுக்காக வாதாடும் நண்பர் ஒருவர், தேனீயைக் காட்டினார்; ஈ என்பது தமிழிலும் வீட்டு ஈயோடு நின்றுவிடவில்லை, ஈசலிலும் அதன் ஒலி கேட்கிறது என்றார். தேனீயைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி; ஆனால் அங்கே ‘தேன்’ என்ற அடை இருப்பதால்தான் பொருள் விரிகிறது. அடை நீங்கித் தனியே நிற்கும் ஈ, இன்று கேட்பவர் மனத்தில் பலாச்சுளையின் மேல் மொய்ப்பதையே கொண்டுவரும். ஈசலின் பேரில் எனக்கும் பற்று உண்டு. முதல் மழைக்குப் பிந்திய மாலையில் ஈசல் குளத்தில் விழ, கெண்டைகள் நீர்ப்பரப்பை உடைத்துக்கொண்டு எழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தூண்டிலின் தத்துவத்தை விளக்கவே வேண்டாம். ஆனாலும் ஈசல் பல பூச்சிகளுள் ஒன்று. அதைப் பொதுப்பெயராக்க முடியாது.

‘பறக்கும் மீன்பிடிப்பு’ என்றும் ஓரிடத்தில் கண்டேன். பறக்கும் மீனுக்குக் கடற்கரையில் கோலா என்ற பெயர் இருக்கிறது, மீன்பிடிப்பு பறக்காது. ‘இறகுத் தூண்டில்’ இவற்றைவிட நல்ல முயற்சி, சொல்லவும் இனிமை. இருந்தும் அது எதனால் செய்தது என்பதைச் சொல்கிறதே தவிர, செய்த பொருளைச் சொல்லவில்லை. இன்று குளத்து மீனுக்குக் கட்டுவனவற்றில் பல, ரப்பர்க் கால் வைத்த மென்பஞ்சு உருண்டைகள். அவற்றில் இறகே இல்லாமலும் இருக்கலாம். ‘செயற்கைப் பூச்சி’ பொருளளவில் பிழையற்றது. ஆனால் செயற்கை என்பது உரத்துக்கும் இழைக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை.

அந்த நோக்கத்தைச் சொல்லத் தமிழில் பொய் என்ற அடை இருக்கிறது. பொய்க்கால் குதிரை என்கிறோம், பொய்முகம் என்கிறோம். உண்மையின் உருவம் ஏற்று நிற்கும் பொருள் என்பது உடனே விளங்குகிறது. ஆகவே ஃபிளைக்குப் பொய்ப்பூச்சி; அதைக் கட்டி வீசும் முறைக்குப் பொய்ப்பூச்சித் தூண்டில். உலோகக் கரண்டி, ரப்பர்த் தவளை முதலிய எல்லாவற்றுக்கும் பொய்யிரை என்பது பொதுப்பெயராகட்டும். பொய்ப்பூச்சி அதன் ஒரு வகை.

தூண்டில் என்ற பகுதியை ஏன் விடமாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். மீன்பிடித்தல் என்றால் வலையும் அடங்கும், கூடையும் அடங்கும். தூண்டிலில் கோலும் நூலும் முள்ளும் சேர்ந்தே வருகின்றன. குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், காட்டு யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கில், கைவிட்டதும் ‘மீன் எறி தூண்டிலின்’ மேலே நிமிர்கிறது. அந்தத் தொடரே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயராயிற்று. மலைநாட்டு மூங்கிலையும் தூண்டிற்கோலின் துள்ளலையும் ஒன்றாகக் கண்ட கண் அது. நூலை எறிவதே உயிரான முறைக்கு ‘எறிதூண்டில்’ என்று வைக்கலாமே என்று எனக்கே ஒரு காலம் ஆசை இருந்தது. ஆனால் பாட்டில் எறிதல் மீனைப் பற்றியது, நூலைப் பற்றியது அன்று என்பதால் விட்டுவிட்டேன்.

அதே மடிப்புத் தாளில் இன்னொன்றும் இருந்தது: ‘வெந்நீர் மீன்கள்’. வெந்நீரில் மீன் குழம்பாகத்தான் இருக்க முடியும். டிரவுட் போல நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளைத் தேடும் இனத்திலிருந்து, ஜிலேபிக் கெண்டை, விரால் போன்றவற்றைப் பிரித்துக் காட்டவே ஆங்கிலத்தில் ‘வார்ம்வாட்டர் ஃபிஷ்’ என்கிறார்கள். அமெரிக்கக் குளங்களில் புளூகில்லும் பாஸும் இந்த வகை. வெதுநீர் மீன் என்றால் போதும். மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒருமுறை குளக்கரைக்குப் போய்வந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கணினி தரும் முதல் சொல்லை அப்படியே ஒட்டுகிறவர், அதைப் படிக்கப்போகும் ஒருவரை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

விடுதிக்காரர் நல்லவர், மாற்றி எழுதித் தரச் சொன்னார். ‘பொய்ப்பூச்சித் தூண்டில்: சன்னக் கோலில் வெதுநீர் மீன் பிடிக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். தோட்டத் தம்பி அதையும் வாங்கிப் படித்தார். “அந்தப் பூச்சிய எதுல செய்வாங்கண்ணே?” என்றார். சட்டைப் பையிலிருந்த டப்பியைத் திறந்து காட்டினேன்: பத்தாம் எண் முள், அதன் தண்டில் நெருக்கமாகச் சுற்றிய கறுப்பு நூல், உடலுக்கு உதிர்ந்த மயில்தோகையின் இரண்டு இழைகள், கழுத்தில் சேவலின் பிடரி இறகு. அவர் அதை விரல்நுனியில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இறகின் முனையை மெல்ல ஊதிப் பார்த்தார்.